செடியை அறிவது யார் கடமை?

மேலப்பாளையத்தில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்துவது ஊரின் மீது விழுகிற கடமை. சிலர் முன்வந்து அதை நிறைவேற்றிவிட்டால் மற்றவர்கள் மீதிருந்த பொறுப்பு நீங்கிவிடும். ஒருவரும் முன்வராவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு ஆளாகும். இதன் பெயர் ஃபர்ளு கிஃபாயா என்பதை மத்ரஸாவில் ஓதுகிற சிறுவனும் சொல்லிவிடுவான். ஐவேளைத் தொழுகையும் நோன்பும் போல ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விழுகிற ஃபர்ளு ஐன் வேறு, ஊர் கூடிச் சுமக்கிற இந்தக் கடமை வேறு. இந்தக் கூட்டுக்கடமையின் எல்லை எதுவரை செல்கிறது என்பதே நான் எழுப்ப விரும்பும் கேள்வி. குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்குவதோடு அது முடிந்துவிடுகிறதா? நம் காலடியில் முளைத்து நிற்பது இன்ன செடி, அது மருந்தா நஞ்சா, எந்த மண்ணில் நிற்கும், எப்போது பூக்கும் என்று அறிந்தவர்கள் ஓர் ஊரில் இருந்தாக வேண்டும் என்பதும் அதில் சேருமா? சேரும் என்பது என் வாதம். அதை நிறைவேற்றப் பொருத்தமான வழி, ஊரார் தாங்களே கூலி வாங்காமல் பராமரித்து, யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளும்படி திறந்துவைக்கிற ஒரு பொதுத் தோட்டம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதில் மார்க்கத்துக்குப் புதிதான கருத்து எதுவும் இல்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இஹ்யா உலூமித்தீன் நூலின் முதல் பகுதியிலேயே அறிவுத்துறைகளை வகைப்படுத்துகிறார். உடல் நலத்துக்கு இன்றியமையாத மருத்துவத்தையும், பாகப்பிரிவினைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வேண்டிய கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்று வைக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. வேளாண்மை, நெசவு, தையல், இரத்தம் குத்தி எடுக்கும் தொழில் ஆகியவற்றையும் அதே வரிசையில் சேர்க்கிறார். அத்தொழிலாளி ஒருவரும் இல்லாத ஊர் அழிவைத் தானே தேடிக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். மருத்துவம் அறிந்த முஸ்லிம் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் எல்லாரும் சட்ட விவாதங்களைக் கற்கவே முந்தியடிப்பதைக் கண்டு அவர் வருந்தியதும் அந்த நூலிலேயே இருக்கிறது. கஸ்ஸாலியின் ஆசிரியர் இமாமுல் ஹரமைன் ஜுவைனி இன்னும் ஒரு படி மேலே போனார். தனிக்கடமையை நிறைவேற்றுபவர் தன்னை மட்டும் விடுவித்துக்கொள்கிறார்; கூட்டுக்கடமையை நிறைவேற்றுபவர் தன் சமூகம் முழுவதையும் குற்றத்திலிருந்து விடுவிக்கிறார் என்பதால், ஒரு வகையில் இதற்கே சிறப்பு அதிகம் என்றார். நெசவாளர்களின் ஊராக வளர்ந்த மேலப்பாளையத்துக்கு இந்த வரிசை நன்றாக விளங்கும். தறியில் உட்கார்வது ஊர்க்கடமை என்றால், பஞ்சு தரும் செடியையும் சாயம் தரும் செடியையும் அறிவது எப்படி வெளியே நிற்கும்? மருத்துவம் ஊர்க்கடமை என்றால், மூலிகையை இனம் காணத் தெரியாத ஊர் அந்தக் கடமையில் பாதியைக் கைவிட்டதாகத்தானே ஆகும்?

பயன்பாட்டை வைத்து மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. மனிதப் படைப்பைப் பற்றித் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்லும் நிகழ்வில், ஆதமுக்கு முதலில் கற்பிக்கப்பட்டவை பொருள்களின் பெயர்கள். வானவர்களால் சொல்ல முடியாதவற்றை ஆதம் சொன்னார். பூமியில் மனிதனுக்குத் தரப்பட்ட பிரதிநிதிப் பொறுப்பும் இந்தப் பெயரறிவும் ஒரே நிகழ்வுக்குள் வருவதைக் கவனிக்க வேண்டும். தன் பொறுப்பில் விடப்பட்டவை எவை என்று தெரியாதவர் அவற்றுக்குப் பொறுப்பேற்க முடியாது. இந்த உணர்வோடு உழைத்தவர்கள் வரலாற்றில் இருந்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரி அரபு நிலத்துச் செடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறக்குறைய 1,400 மருந்துப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் அகரவரிசையில் தொகுத்தார். முந்தையோர் எழுதியதைத் தொகுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. ஊர் ஊராகப் போய்ச் செடிகளை நேரில் பார்த்தார். இலையைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெறும் அறிவு நம் மரபுக்கு வெளியிலிருந்து வந்தது என்று சொல்ல இடமில்லை.

இனி மேலப்பாளையத்தின் நிலையைப் பார்ப்போம். இந்த ஊரின் ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் நாள் முழுவதும் ஓர் இலையோடு வாழ்கிறார்கள். பீடி இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் கைகள் அந்த இலையின் முற்றலையும் இளமையையும் நரம்பின் தடிப்பையும் தொட்ட மாத்திரத்தில் அறியும். ஆனால் அந்த இலை தரும் மரம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் நிற்கிறது. சுற்றுகிறவர்களில் பெரும்பாலோர் அதை மரமாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பள்ளிவாசல் வாசலில் உறைக்குள் விற்கப்படும் மிஸ்வாக் குச்சியின் கதையும் இதுவே. அதைத் தரும் மரம் நமக்கு அந்நியமானது அன்று. உகா என்ற பெயரில் தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து உவர்நிலங்களில் தானாக வளர்கிறது. சங்கப் பாடல்களிலும் உகாய் என்று வருகிறது. ரைஹான் என்று மறைநூலில் ஓதுகிறவர்கள், திருநீற்றுப்பச்சிலை என்று வேலியோரம் நிற்கும் செடியை அந்த இனத்தோடு சேர்த்துப் பார்ப்பது அரிது. கை அறிந்ததைக் கண் அறியவில்லை, நாவு ஓதுவதைக் கால் நடக்கிற பாதையில் அடையாளம் காணவில்லை. அறிவுக்கான அடித்தளம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது, அது துண்டு துண்டாகக் கிடக்கிறது. துண்டுகளைச் சேர்க்க ஓர் இடம் வேண்டும்.

இந்தத் துண்டிப்பால் உயிருக்கே தீங்கு வரும். மஞ்சள் காமாலைக்கு என்று வீடுகளில் அரைத்துக் குடிக்கும் கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். தென்னிந்திய மூலிகைச் சந்தைகளில் கீழாநெல்லி என்ற பெயரில் விற்கப்பட்ட மாதிரிகளை மரபணு முறையில் சோதித்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஏறத்தாழ கால் பங்கு மாதிரிகளில் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகள் இருந்தன. விற்பவர் ஏமாற்றினார் என்பதைவிட, பறித்தவருக்கும் வாங்கியவருக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். கண்வலிக்கிழங்கு என்று நம் பக்கத்தில் சொல்லும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கில் உள்ள கொல்கிசின் ஆளைக் கொல்லும் நஞ்சு. வேலியில் அழகாகப் படர்ந்து நிற்கும் கொடியின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணித் தோண்டி எடுப்பவருக்கு அறியாமையின் விலை உயிராக இருக்கலாம். ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான், அறிந்தவர் அதை அறிவார், அறியாதவர் அறியார் என்ற பொருளில் ஒரு நபிமொழி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. நிவாரணம் இருப்பது மட்டும் போதாது, அதை அறிந்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற கடமையை இந்த நபிமொழியின் பின்பாதி நம்மிடம் ஒப்படைக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு மார்க்கத்தின் பெயரால் வரும். செடியறிவு உலக விவகாரம், அதற்குக் கடமை என்ற பட்டம் எதற்கு என்பார்கள். பேரீச்ச மரத்துக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பற்றிய நபிமொழியையும் எடுத்துக்காட்டுவார்கள். மதீனாவின் தோட்டக்காரர்கள் ஆண் பாளையை எடுத்துப் பெண் மரத்தில் சேர்ப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), அது பயன் தரும் என்று தாம் எண்ணவில்லை என்றார்கள். மக்கள் அதை விட்டுவிட்டார்கள், விளைச்சல் குறைந்தது. அப்போது, உலக காரியங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்த நபிமொழி என் வாதத்தை மறுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது அதற்கு வலுச்சேர்க்கிறது. மரத்தின் இயல்பை வஹீ கற்றுத்தர வராது, மரத்தோடு பழகியவரிடம் கற்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படுவது. அப்படியானால் பழகியவர்கள் ஊரில் இருந்தாக வேண்டும். ஓர் அறிவு மறைநூலிலிருந்து கிடைக்காது என்பதால் அது கடமையிலிருந்து விலகிவிடாது. கணக்கும் மறைநூலிலிருந்து கிடைப்பதில்லை. அது தெரியாமல் வாரிசுப் பங்கைப் பிரிக்கவும் முடியாது.

இரண்டாவது மறுப்பு நியாயமானது, கொஞ்சம் நின்று பதில் சொல்லத் தக்கது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கற்றறிந்த தாவரவியல் பேராசிரியர்கள் அங்குள்ள கல்லூரிகளில் இருக்கிறார்கள். சிலர் நிறைவேற்றினால் மற்றவர்கள் மீதிருந்து நீங்கும் என்பதுதானே விதி, அவர்கள் நிறைவேற்றிவிட்டார்களே என்று கேட்கலாம். ஜனாஸாத் தொழுகையையே இதற்கு அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். வேறோர் ஊரில் வேறொரு மய்யித்துக்குத் தொழுகை நடந்துவிட்டது என்பதால் நம் தெருவில் கிடக்கும் மய்யித்தின் கடமை தீர்ந்துவிடாது. தேவை எங்கே எழுகிறதோ அங்கே அது நிறைவேறியிருக்க வேண்டும். கல்லூரியின் அறிவு சேர்க்கை பெற்ற மாணவருக்குக் கிடைக்கிறது. மாலையில் குழந்தையோடு ஒரு செடியின் முன்னால் நின்று இது என்ன என்று கேட்க விரும்பும் தாய்க்கு அது போய்ச் சேர்வதில்லை. ஊருக்குள் அந்த அறிவு சேரும் வழி திறந்தால்தான் கடமை தீரும். அறிஞர்களும் அப்போதுதான் பயன்படுவார்கள். கற்பிக்க அழைக்கும் ஊருக்கு வர மறுக்கும் ஆசிரியர்கள் மிகக் குறைவு.

அது ஏன் தன்னார்வலர் தோட்டமாக இருக்க வேண்டும், மாநகராட்சிப் பூங்காவில் பெயர்ப்பலகை நட்டால் போதாதா என்று அடுத்துக் கேட்கலாம். சென்னை கோட்டூர்புரத்தில் நடந்தது இதற்கு விடை தருகிறது. அடையாற்றின் கரையில் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம் ஒன்று குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2006இல் ‘நிழல்’ என்ற அமைப்பு துறையோடு சேர்ந்து அதை நாட்டு மரங்களின் பூங்காவாக மாற்றத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தன்னார்வலர்கள் வந்து குழி வெட்டினார்கள், நட்டார்கள், நீர் ஊற்றினார்கள், களை எடுத்தார்கள். மரங்களை அறிமுகப்படுத்தும் நடைகளும் அந்த அமைப்பால் நகரில் வழக்கமாயின. இங்கே களை எடுப்பதைத்தான் நான் முக்கியமாகக் காண்கிறேன். குத்தகைக்கு விட்ட பூங்காவில் நட்டது மட்டுமே செடி, மற்றதெல்லாம் களை. கூலிக்கு வந்தவர் தும்பையையும் குப்பைமேனியையும் மூக்கிரட்டையையும் நெருஞ்சியையும் கீழாநெல்லியையும் ஒரே வாரலில் பிடுங்கி எறிவார். அவர் மேல் குற்றமில்லை, அவரிடம் கேட்டது அதுதான். கற்பதற்கென்றே வைத்த தோட்டத்தில் ஒவ்வொன்றையும் பிடுங்குமுன் நின்று இது எது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியும் அதற்குப் பக்கத்தில் குனிந்திருப்பவர் தரும் பதிலும்தான் அங்கே நடக்கும் பாடம். பெயர்ப்பலகை வாசிப்பவருக்கு ஒரு சொல்லைத் தரும். பருவந்தோறும் அதே செடியைத் தொட்டவருக்கு, விதையிலையில் அது எப்படி இருந்தது, காய்க்கும்போது எப்படி மாறியது என்பதெல்லாம் நினைவில் நிற்கும். உழைப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தால் அறிவையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறோம்.

சாதாரண மக்கள் இத்தகைய அறிவை அடைவார்களா என்ற ஐயத்துக்கும் நம் ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே பதில் இருக்கிறது. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் முன்முயற்சியில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஜனவரி மாதத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் வேறு தொழில்களில் இருப்பவர்களும் குளங்களின் கரையில் நின்று பறவைகளை இனம் பிரித்து எண்ணுகிறார்கள். பறக்கும் உயிரை இனம் காணக் கற்றுக்கொண்ட மக்களுக்கு, அசையாமல் நிற்கும் செடியை இனம் காண்பது இயலாத காரியம் ஆகாது.

இன்னொரு மறுப்பு இபாதத்தின் தூய்மையைப் பற்றிய கவலையிலிருந்து வருகிறது. மரங்களைச் சுற்றி இத்தனை மரியாதை எழுப்பினால் அது மரவழிபாட்டின் பக்கம் இழுத்துப் போகாதா? நபித்தோழர்கள் நபியவர்களிடம் உறுதிமொழி எடுத்த மரத்தின் அடியில் மக்கள் போய்த் தொழத் தொடங்கியதை அறிந்து, உமர் (ரலி) அதை வெட்டச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. இந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செய்தியில் தடுக்கப்பட்டது மரத்துக்குத் தெய்வத்தன்மை ஏற்றும் போக்கு. மரங்கள் மீதான பொறுப்பை அது ரத்து செய்யவில்லை. படையை அனுப்பும்போது பழம் தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று அபூபக்ர் (ரலி) கட்டளையிட்டதும் அதே மரபில்தான் இருக்கிறது. மேலும், மூடநம்பிக்கை வளர்வது அறியாமையில். வேரின் வேலை, இலையின் வேலை, மகரந்தம் சேரும் முறை என்று ஒரு மரத்தை அதன் இயல்பில் அறிந்தவருக்கு, அது படைக்கப்பட்ட பொருள் என்பது தெளிவாகிறது. படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்ற தௌஹீதின் வேறுபாட்டைப் படைப்பைக் கூர்ந்து அறிவது மங்கச் செய்யாது. வானத்தையும் பூமியையும் முளைப்பவற்றையும் நோக்கிச் சிந்திக்கும்படி குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைப்பதும் இதற்காகவே.

நாடு முழுவதும் மரக்கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன, அவையே ஸதகத்துல் ஜாரியா ஆகாதா என்று கேட்போரும் உண்டு. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்தத் தர்மம் மரம் பிழைத்துக் காய்த்து, பிற உயிர்கள் உண்டபின் கணக்கில் ஏறுகிறது. எந்தக் கன்று எந்த மண்ணுக்கு ஆகும் என்று அறியாமல் நட்டு, கோடையில் கருகவிட்டால் நட்ட எண்ணம் இருக்கும், நபிமொழி காட்டும் பயன் இருக்காது. தாமிரபரணிக் கரையில் மருதும் நாவலும் புன்னையும் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. தெற்கே தேரியும் மானாவாரியுமான நிலத்தில் உடைமரமும் பனையும் நிற்கின்றன. இந்த வேறுபாட்டை அறியாத ஈகை பாதியிலேயே நின்றுவிடும். எனவே அறிவு நடுவதற்கு முன்னும் வேண்டும், நட்டபின்னும் வேண்டும். அதே நபிமொழி உண்பவரின் மார்க்கத்தைக் கேட்கவில்லை என்பதும் நம் தோட்டத்துக்கு ஒரு விதி. கத்தாரில் 2008இல் தொடங்கிய குர்ஆன் தாவரத் தோட்டம் மறைநூலிலும் நபிமொழியிலும் வரும் செடிகளை முன்வைக்கிறது. அது போற்றத்தக்க முயற்சி. மேலப்பாளையத்துக்கு அந்த எல்லை போதாது. நெல்லையப்பர் கோயிலின் தலமரமான மூங்கிலும், ஆழ்வார்திருநகரியின் புளியும், குற்றாலத்தின் பலாவும் இதே நீர்வளத்தின் மரங்கள். பக்தி ஒவ்வொரு தலத்திலும் ஒரு மரத்தைக் காத்துத் தந்தது. அவற்றின் இனத்தை எல்லார்க்கும் கற்பிப்பது இனி நடக்க வேண்டிய வேலை. ஆதமுக்குக் கற்பிக்கப்பட்டவை எல்லாவற்றின் பெயர்களும் என்றால், தோட்டத்தில் எதை விலக்க நமக்கு உரிமை உண்டு?

கடைசி மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. நாள்கணக்குக்குப் பீடி சுற்றி முடிக்க வேண்டிய பெண்ணுக்குத் தோட்டத்துக்கு வர நேரம் எங்கே? இது வசதியுள்ளோரின் பொழுதுபோக்காக முடியாதா? அப்படி முடிந்தால் அது தோல்விதான். ஆனால் கூட்டுக்கடமையின் சுமை இயன்றவர் மீது விழும் என்பதும் சட்டவல்லுநர்கள் சொன்னதே. ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பி ஊரில் தங்கியவர்கள், விடுமுறை நாளில் மாணவர்கள், அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் பொழுது போக்குபவர்கள் என்று நேரம் உள்ளவர்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. சுமக்க வேண்டியவர்கள் இவர்கள். பயனில் முதல் உரிமை, மருத்துவமனைக்குப் போய்வரும் ஒரு நாள் கூலியைக்கூட இழக்க முடியாத வீடுகளுக்கு. தோட்டத்தில் கற்பிக்கும் இடத்தில் அந்தப் பெண்களே அமர வேண்டிய வேளைகளும் உண்டு. எந்தச் செடி எந்த நோவுக்கு என்று பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த அறிவு இன்னும் அவர்களிடம்தான் மிச்சம் இருக்கிறது. அந்த அறிவைச் செடியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, தவறானதை விலக்கி, சரியானதைப் பதிவு செய்ய இப்போது விட்டால் பிறகு ஆள் இருக்காது.

இடத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை வேண்டும். மையவாடிக்கென்று வக்ஃப் செய்யப்பட்ட நிலத்தை, அங்கே மரங்கள் இருக்கின்றன என்பதற்காக வேறு நோக்கத்துக்குத் திருப்ப முடியாது. வக்ஃப் செய்தவரின் நிபந்தனை சட்டத்துக்கு ஒப்பானது. ஊருக்குள் ஓடும் பாளையங்கால்வாயின் கரையில் அரசின் இசைவோடு ஒரு துண்டு, பள்ளிக்கூடத்தின் பின்கட்டு, அல்லது கற்றலுக்கென்றே புதிதாக வக்ஃப் செய்யப்படும் சில சென்ட் நிலம் போதும். பெரிய நிதி தேவையில்லை. பொறுப்பேற்கும் சிலர், வாரத்தில் ஒரு காலை, வழிகாட்ட ஒரு தாவரவியல் ஆசிரியர், ஒரு சித்த மருத்துவர், எழுதிவைக்க ஒரு பதிவேடு இருந்தால் தொடங்கலாம். தன்னார்வம் சில மாதங்களில் வற்றிவிடும் என்று அஞ்சுவோருக்கு என் பதில், ஜனாஸாவுக்கு ஆள் சேர்வது இந்த ஊரில் ஒருநாளும் வற்றியதில்லை என்பது. அங்கே யாரும் யாருக்கும் உதவி செய்வதாக நினைப்பதில்லை, கடனைத் தீர்ப்பதாக நினைக்கிறார்கள். செடியறிவையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டால் ஆர்வம் குறைந்த வாரத்திலும் கடமை மனிதரை இழுத்து வரும். ஃபர்ளு கிஃபாயாவின் நீதி இரக்கமுள்ளது, எல்லாரையும் அது கேட்கவில்லை, போதுமான சிலரைக் கேட்கிறது. அந்தச் சிலர் முன்வரும்வரை ஆலிமும் வணிகரும் ஆசிரியரும் மருத்துவரும் உட்பட ஊரில் ஒவ்வொருவரும் கடனாளியே.